மேசைப் போர் மினியேச்சர்கள்: வண்ணம் பூசுவதும் மாற்றியமைப்பதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் நகர்த்திப் போர் நடத்தும் விளையாட்டு இது. விளையாட்டு மேசையில் என் படையை எடுத்து வைத்ததும் யாராவது ஒரு பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதன்பின் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால். நான் அதிகம் பூசுவது 28 மி.மீ. உருவங்கள். வேறு அளவுகளுக்குச் செய்முறை மாறும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு ஓவியமே வராது, கையும் நடுங்கும். நான் இதில் இறங்கலாமா?

தாராளமாக இறங்கலாம். ஓவியர் வெற்றுத் தாளில் உருவத்தை உண்டாக்க வேண்டும். இங்கே சிற்பி அந்த வேலையை முடித்துவிட்டார். துணியின் மடிப்பு எங்கே, தோல்வார் எங்கே முடிகிறது, பொத்தான் எங்கே என்பதெல்லாம் மேடும் பள்ளமுமாக விரலுக்கே தட்டுப்படும். எல்லைக்குள் நிரப்புவது, பள்ளத்தில் இருட்டையும் மேட்டில் வெளிச்சத்தையும் கொண்டுவருவது, இவைதான் நம் பங்கு. பழகினால் வரும்.

நடுக்கம் எல்லாருக்கும் உண்டு. பொம்மையை ஒரு பழைய மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியையும் ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். இப்போது நடுங்கினாலும் பொம்மையும் தூரிகையும் சேர்ந்தே நடுங்கும், கோடு கோணாது. மூச்சை வெளியே விடும்போது கோடு இழுங்கள்.

28 மி.மீ., 15 மி.மீ., 1/72 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?

உங்களோடு விளையாடப் போகிறவர்கள் எந்த அளவு வைத்திருக்கிறார்களோ அதில். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

28 மி.மீ. என்பது நிற்கும் ஆளின் பாதத்திலிருந்து கண்மட்டம் வரையுள்ள உயரம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சிலர் உச்சந்தலை வரை அளப்பதால் இரண்டு நிறுவனங்களின் '28' பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று மற்றதைவிடத் தலை உயரமாக இருக்கும். 'ஹீரோயிக்' என்று பெயர் போட்டவற்றில் தலை, கை, ஆயுதம் மூன்றும் வேண்டுமென்றே பெருக்கப்பட்டிருக்கும். அவை பூச எளிது. 1/72 என்பது உண்மையான ஆளின் உயரத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. 15 மி.மீ.யில் பெரிய போரைச் சிறிய மேசையில் நடத்தலாம். 6 மி.மீ.க்கு வந்துவிட்டால் தனி ஆளுக்குப் பூசுவதை மறந்துவிட்டு, ஒரு அணியை ஒரே பொருளாக நினைத்துப் பூச வேண்டும்.

தொடங்க என்னென்ன சாமான் வேண்டும்?

நல்ல முனையுள்ள இரண்டு தூரிகை, ஒரு பழைய தூரிகை, எட்டு பத்து அக்ரிலிக் வண்ணம், ஒரு பிரைமர் (வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), ஒரு பழுப்பு வாஷ் (பள்ளத்தில் நிழல் தரும் நீர்த்த வண்ணம்), ஒரு மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு), கூரான கத்தி, சிறிய அரம், பசை. ஐம்பது புட்டி கொண்ட பெட்டியை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. குறைவான வண்ணங்களைக் கலந்து பழகியவர்களின் படையில் நிறங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

பலரும் விட்டுவிடுவது விளக்கு. மஞ்சள் வெளிச்சத்தில் பூசிவிட்டுப் பகலில் பார்த்தால் தோல் நிறமே வேறாக இருக்கும். 5000 முதல் 6500 கெல்வின் வரை, நிறம் காட்டும் திறன் 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்கி, தூரிகை பிடிக்காத கையின் பக்கம் வையுங்கள். கையின் நிழல் பொம்மையின் மேல் விழாது.

கோலின்ஸ்கி தூரிகை இல்லாமல் நன்றாக வராதா?

வரும். கோலின்ஸ்கி என்பது சைபீரிய மரநாயின் வால் முடி. அது தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொண்டு முனையில் சிறிது சிறிதாக விடும், அழுத்தி எடுத்தால் மறுபடி கூராகும். அதனால்தான் அந்த மதிப்பு. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரியாதவர் கையில் ஒரே மாதத்தில் விரிந்துவிடும். செயற்கை முடித் தூரிகையில் பழகிவிட்டு அப்புறம் மாறுங்கள்.

எதை வாங்கினாலும் 000 போன்ற மிகச் சிறிய எண்ணைத் தேடாதீர்கள். அதன் முடியில் வண்ணம் பொம்மைக்கு வந்து சேருமுன்பே காய்ந்துவிடும். கண்ணுக்குக்கூட 1ஆம் எண் போதும், முனை மட்டும் கூராக இருக்க வேண்டும். முடியின் பாதிக்கு மேல் வண்ணம் ஏறவிடாதீர்கள். உலோகக் கழுத்துக்குள் வண்ணம் போய்க் காய்ந்தால் முனை பிளந்துவிடும். தண்ணீர்க் குவளையில் தலைகீழாக ஊறவிட்டு எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் சோப்பில் அலசி, முனையை விரலால் கூர்செய்து படுக்க வையுங்கள். உலோக வண்ணங்களுக்குத் தனித் தூரிகையும் தனித் தண்ணீரும் வைத்துக்கொள்வது நல்லது. அந்த மினுமினுப்புத் துகள்கள் ஒரு முறை கலந்துவிட்டால் அடுத்த பத்து பொம்மையிலும் எங்காவது மின்னும்.

சூப்பர் குளூ எல்லாவற்றையும் ஒட்டுமே, தனியாகப் பிளாஸ்டிக் பசை எதற்கு?

கடினமான பிளாஸ்டிக் உருவங்கள் பாலிஸ்டைரீனால் ஆனவை. பிளாஸ்டிக் பசை இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் அது ஒட்டு இல்லை, ஒரே துண்டு. சில நொடிகள் நகர்த்திச் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும். உலோகத்திலும் ரெசினிலும் (திரவமாக இருந்து இறுகிய செயற்கைப் பிசின்) அந்தப் பசை எதையும் கரைக்காது, அங்கே சூப்பர் குளூதான்.

சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுகிறது. அதிகம் ஊற்றினால் வேகமாக ஒட்டாது, மெதுவாகத்தான் இறுகும், சுற்றிலும் வெண்புகை படிந்த மாதிரி ஆகும். கண்ணாடி போன்ற பாகங்களுக்கு அதனால்தான் அதைப் பயன்படுத்தக் கூடாது, வெள்ளைப் பசையே போதும். 1/72 பெட்டிகளில் வரும் வளையும் பிளாஸ்டிக் வீரர்களை இரண்டு பசையும் சரியாகப் பிடிக்காது. அவற்றில் கம்பி வைத்து ஒட்டுவதுதான் வழி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அச்சுக்கோட்டைச் சுரண்டித்தான் ஆகணுமா? பூசினால் மறைந்துவிடாதா?

மறையாது, எடுப்பாகத் தெரியும். அச்சின் இரண்டு பாதி சேருமிடத்தில் உண்டாகும் அந்தக் கோடு ஒரு மேடு. வாஷ் அதன் இருபுறமும் தேங்கும், டிரை பிரஷ் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை உரசுவது) அதன் முதுகில் பிடிக்கும். முகத்தின் குறுக்கே போகும் கோடு ஒன்று போதும், எவ்வளவு நன்றாகப் பூசியிருந்தாலும் கண் அங்கேயேதான் நிற்கும். கத்தியின் கூரால் வெட்டாமல், கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து முதுகுப்பக்கத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். இந்த வேலையில் எனக்கு அலுப்பு வராமல் இல்லை, ஆனாலும் நான் இதைத் தவிர்ப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் பூசுவதா, துண்டு துண்டாகப் பூசி ஒட்டுவதா?

படைவீரன் என்றால் ஒட்டிவிட்டே பூசுங்கள். தூரிகை எட்டாத இடத்தைக் கண்ணும் பார்க்காது. மார்பை முழுக்க மறைக்கும் கேடயம், குதிரைமேல் உட்கார்ந்தவர், வண்டிக்குள் இருப்பவர், இவற்றை மட்டும் தனியே பூசலாம். ஒட்டப்போகும் முகங்களில் வண்ணம் படாமல் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். பசை வண்ணத்தின்மேல் பிடித்தால் பின்னால் வண்ணத்தோடு சேர்ந்து பிய்ந்து வரும்.

பிரைமர் அவசியமா? எந்த நிறத்தில்?

அவசியம். அக்ரிலிக் வண்ணம் வெறும் பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ பிடித்து நிற்காது, விரல் பட்ட முனைகளில் உரிந்து வரும். பிரைமர் அடிக்கும் முன் உலோகத்தையும் ரெசினையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழற்றப் பூசும் எண்ணெய்ப் பொருள் அதில் ஒட்டியிருக்கும்.

கறுப்பு, விடுபட்ட இடங்களைத் தானே நிழலாக்கும், கவசத்துக்கும் உலோகத்துக்கும் ஏற்றது. வெள்ளை, பளிச்சென்ற நிறங்களுக்கு ஏற்றது, ஆனால் விட்ட இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும். தொடங்குகிறவருக்கு நான் சொல்வது சாம்பல். இன்னொரு வழியும் உண்டு: முழுக்கக் கறுப்பு அடித்துக் காய்ந்ததும், தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளையை லேசாகத் தூவுவது. உச்சி வெயில் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று பொம்மையே காட்டிவிடும். அதன்மேல் மெல்லிய வண்ணம் பூசினால் பாதி வேலை முடிந்தது. எந்த நிறமானாலும் ஒன்று: வளையும் பி.வி.சி. பொம்மைகளில் சில ஸ்ப்ரே பிரைமர்கள் நாட்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். அவற்றுக்குத் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் நம்பகமானது.

ஸ்ப்ரே அடித்தேன், மணலைத் தூவிய மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

வண்ணத்துளி பொம்மையை அடைவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்துவிட்டது. தூரம் அதிகமானாலோ, வெயில் கடுமையாக இருந்தாலோ இது நடக்கும். ஈரக்காற்றிலும் மேற்பரப்பு கெடும். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைத்து, பொம்மைக்கு வெளியே அடிக்கத் தொடங்கி, குறுக்கே ஓட்டி, மறுபக்கம் வெளியே போய் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் நின்று அடித்தால் நுணுக்கமெல்லாம் மூழ்கிவிடும். அடிக்குமுன் டப்பாவை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள்.

ஒரு மழை நாளில் அவசரப்பட்டு பன்னிரண்டு குதிரைவீரர்களுக்கு அடித்தேன். விளையாட்டு மறுநாள் இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் தோல் சொரசொரத்துப் போனது, எல்லாவற்றையும் கரைத்து எடுத்து மறுபடி தொடங்க ஒரு வாரம் ஆனது. இப்போது மழைக்காலத்தில் டப்பாவைத் தொடுவதே இல்லை, தூரிகையால் பூசிவிடுகிறேன்.

"இரண்டு மெல்லிய பூச்சு" என்கிறார்கள். மெல்லியது என்றால் எவ்வளவு?

புட்டியிலிருந்து நேராக எடுத்துப் பூசினால் தூரிகைத் தடம் வரிவரியாகக் காயும், சிற்பி செதுக்கிய பல்வரிசை ஒரே கட்டியாகிவிடும். அதற்காகத்தான் தண்ணீர் சேர்க்கிறோம். எத்தனை சொட்டு என்று கணக்குச் சொல்ல முடியாது, ஒவ்வொரு புட்டியும் வேறு. தட்டில் தூரிகையால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு பாலைப் போல வழுக்கிக்கொண்டு வந்து, ஓரம் ஓடாமல் நின்றால் சரி. குட்டையாகப் பரவினால் தண்ணீர் அதிகம். தூரிகையை வண்ணத்தில் தோய்த்தபின் ஒரு துணியில் ஒரு முறை தொட்டு எடுங்கள். புதியவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்த ஒரு தொடுதலை விட்டதால் வருபவை.

முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறிச் சரிசெய்யப் போகாதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த வண்ணத்தின்மேல் தூரிகை பட்டால் அது உரிந்து சுருளும். முழுதாகக் காயவிட்டு இரண்டாவது பூச்சு போட்டதும் சீராகிவிடும்.

ஈரத்தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். மூடியுள்ள தட்டையான டப்பாவில் ஈரப் பஞ்சு அல்லது ஸ்பாஞ்ச், அதன்மேல் அடுமனையில் பயன்படுத்தும் ஒட்டாத தாள். கலந்த வண்ணம் மணிக்கணக்கில் காயாது, மூடி வைத்தால் மறுநாளும் அதே நிறம் கிடைக்கும். உலோக வண்ணங்களை மட்டும் அதில் வைக்காதீர்கள், துகள் பிரிந்து தாள் முழுக்கப் பரவும்.

சிவப்பும் மஞ்சளும் எத்தனை தடவை பூசினாலும் அடி தெரிகிறது. என் வண்ணம் மட்டம் சரக்கா?

வண்ணத்தின் குற்றம் இல்லை. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பலவும் இயல்பிலேயே ஒளியை ஊடுருவ விடுபவை. அவற்றுக்கு அடித்தளம் போட்டுக் கொடுங்கள். சிவப்புக்குக் கீழே செம்பழுப்பு, மஞ்சளுக்குக் கீழே காவி மஞ்சள் அல்லது வெளிர் இளஞ்சிவப்பு. இரண்டே பூச்சில் மூடும். சிவப்பை வெளிச்சப்படுத்த வெள்ளை கலக்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும், ஆரஞ்சு கலந்தால் சிவப்பாகவே இருக்கும்.

வெள்ளைத் துணியை வெள்ளையால் பூசினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். வெளிர் சாம்பல் அல்லது வெளிர் மணல் நிறத்தில் தொடங்கி, மடிப்பின் உச்சியில் மட்டும் தூய வெள்ளை.

வாஷ் போட்டதும் அழகாக இருந்தது, காய்ந்தபின் கறைகறையாக இருக்கிறது. என்ன செய்வது?

வாஷ் என்பது பள்ளத்துக்குள் ஓடி நிற்க வேண்டிய நீர்த்த நிழல். தட்டையான பரப்பில் தேங்கினால் ஓரத்தில் வளையமாகக் காயும். முழுக்கக் குளிப்பாட்டாமல் பகுதி பகுதியாகப் போடுங்கள். போட்டதும் தூரிகையைக் கழுவி, துடைத்து, தேங்கிய இடத்தில் வைத்தால் முடி அதை உறிஞ்சிவிடும். வாஷ் பாதி காய்ந்திருக்கும்போது தொடாதீர்கள். கறை வந்துவிட்டால் அடிநிறத்தை மேட்டுப்பகுதியில் மறுபடி பூசுங்கள். எப்படியும் அதுதான் அடுத்த படி.

கான்ட்ராஸ்ட் வண்ணம் குறுக்குவழி இல்லையா?

மினியேச்சர் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-இல் அந்தப் பெயரில் வெளியிட்டது. இப்போது பல நிறுவனங்களிடம் அதே வகை உண்டு. வெளிர் பிரைமர்மேல் ஒரே பூச்சில் நிறமும் நிழலும் சேர்ந்து வரும். ரோமம், தோல், கசங்கிய துணி போன்ற மேடுபள்ளம் நிறைந்த பரப்பில் அருமையாக வேலை செய்யும். அகலமான தகட்டுக் கவசத்தில் மேலே வாஷுக்குச் சொன்ன அதே கறைத் தொல்லை இன்னும் அதிகமாக வரும். ஒரு படையை முடிக்க அது உதவினால் பயன்படுத்துங்கள். தூவிய வெள்ளைமேல் அதைப் போட்டுப் பாருங்கள், பிரைமர் கேள்வியில் சொன்ன வழிதான், அங்கே அதன் முழு அழகும் தெரியும்.

கண் வரைந்தால் எப்போதும் பேயறைந்த முழி முழிக்கிறது. எப்படித்தான் வரைவது?

மூன்று காரணம். தூய வெள்ளை போட்டிருப்பீர்கள், விழி இமையைத் தொடாமல் நடுவில் தனிப்புள்ளியாக நிற்கும், இமைக்கோடு இருக்காது. கண்ணை முகத்தின் மற்ற பகுதிக்கு முன்பே பூசுங்கள். முதலில் குழி முழுவதும் கருஞ்செம்பழுப்பு. அதன்மேல் சாம்பல் கலந்த வெள்ளையில் கிடையாக ஒரு சிறு கீற்று. விழியைப் புள்ளியாக வைக்காமல், மேலிமையிலிருந்து கீழிமைக்கு ஒரு குட்டிக் கோடாக இழுங்கள். பிறகு தோல் நிறத்தால் சுற்றிலும் ஒதுக்கி வந்தால் பழுப்பு தானாக இமைக்கோடாக மிஞ்சும். பொம்மை நேரே பார்க்க வேண்டியதில்லை, இரண்டு விழியும் ஒரு பக்கம் பார்த்தால் உயிர் இன்னும் கூடும்.

15 மி.மீ.க்குக் கண் வேண்டாம். குழியில் நிழல் இருந்தால் பார்ப்பவர் மனமே கண்ணை வைத்துக்கொள்ளும். 28 மி.மீ.யிலும் தொப்பி நிழலில் இருக்கும் சாதாரண வீரனுக்கு நான் வரைவதில்லை.

நாற்பது வீரர்கள் பெட்டியில் கிடக்கிறார்கள். பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். பெட்டியிலேயே மூப்படையும் படைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாமே ஒவ்வொரு வீரனையும் முழுமையாக முடிக்க நினைத்தவர்களின் படைகள். மேசையில் பொம்மை கை நீட்டும் தூரத்தில் நிற்கிறது. அந்தத் தூரத்தில் கண் மூன்றைத்தான் தேடும்: முகம், ஆயுதத்தின் விளிம்பு, பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு). இந்த மூன்றில் நேரம் செலவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு நிறம், ஒரு வாஷ் போதும்.

முதலில் ஒரே ஒருவரை முடித்து, எந்த நிறம், எந்த வரிசை என்று தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் ஐந்து அல்லது பத்துப் பேராக எடுத்து, எல்லாருக்கும் கால்சட்டை, எல்லாருக்கும் தோல்வார் என்று போங்கள். பத்தாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பார். நாற்பதையும் ஒரே மூச்சில் எடுத்தால் மூன்றாவது நாளே முடிவு தெரியாமல் கை சோரும். தலைவர், கொடி பிடிப்பவர், முரசு அடிப்பவர் மூவரையும் கடைசியாக வைத்துக்கொண்டு நிதானமாகப் பூசுங்கள். எதிராளி கண் முதலில் போவது அவர்களிடம்தான்.

வரலாற்றுப் படைக்குச் சீருடை நிறம் எவ்வளவு சரியாக இருக்கணும்?

அணியை அடையாளம் காட்டும் நிறம் சரியாக இருக்க வேண்டும். நெப்போலியன் காலத்துப் பிரித்தானியக் காலாட்படை என்றால் சிவப்புக் கோட்டின் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் எந்த நிறம் என்பது எந்த ரெஜிமெண்ட் என்று சொல்ல உதவும். அதில் தவறக் கூடாது. கோட்டின் சிவப்போ ஒரே சிவப்பாக இருந்ததில்லை. சாதாரண வீரர்களின் துணி மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் தோய்த்தது, செங்கல் சாயல் கொண்டது. அதிகாரிகளுடையது பளிச்சென்ற சிவப்பு. மாதக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டால் அந்தச் செங்கலும் வெளிறும். ஒரே அணியில் நாலைந்து பேருக்குச் சாயலைக் கொஞ்சம் மாற்றிப் பூசினால்தான் களத்தில் நின்ற படை மாதிரி இருக்கும்.

பொம்மை சிறிதாகச் சிறிதாக அதே நிறம் இருட்டாகத் தெரியும். உண்மையான கருநீலத்தை 15 மி.மீ.யில் அப்படியே பூசினால் கறுப்பாகிவிடும், ஒரு படி வெளிறச் செய்யுங்கள்.

மாற்றியமைக்க ஆசை. வெட்டப் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

தலையில் தொடங்குங்கள். ஒரு பெட்டியின் உடலில் இன்னொரு பெட்டியின் தலை வைப்பதுதான் மிக எளிய, மிக அதிகமாகக் கண்ணில் படும் மாற்றம். கழுத்துப்பட்டைக்கு மேலே வெட்டினால் ஒட்டு மறைந்துவிடும். வெட்டுமுன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஓடுகிறார் என்றால் தலை ஓடும் திசையில் இருக்க வேண்டும், எடை முன்காலில் இருக்க வேண்டும். அழகான தலை, அழகான கை, அழகான வாள் மூன்றையும் சேர்த்தும் பொம்மை செத்தது போல நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இடுப்பும் தோளும் ஒரே நேராக இருப்பதுதான். ஒன்றைக் கொஞ்சம் திருப்புங்கள்.

முதலில் ஒட்டி எடுக்கக்கூடிய மெழுகு போன்ற ஒட்டுக் களிமண்ணால் தற்காலிகமாகப் பொருத்தி, ஒரு நாள் கண்ணெதிரே வைத்துப் பாருங்கள். பெரிய துண்டை வெட்டக் கத்தியை அழுத்தாமல் மெல்லிய பல் ரம்பத்தைப் பயன்படுத்துங்கள், துண்டு வீணாகாமல் கிடைக்கும், விரலும் தப்பும். வெட்டிய எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பெட்டியில் சேர்ந்த கைகளும் பைகளும்தான் அடுத்த மாற்றத்துக்கான மூலதனம்.

கிரீன் ஸ்டஃப் என் விரலில் ஒட்டுகிறது, பொம்மையில் ஒட்ட மாட்டேன் என்கிறதே?

கிரீன் ஸ்டஃப் என்பது நீலம், மஞ்சள் என்ற இரண்டு பாகத்தைப் பிசைந்து உருவம் செய்யும், தானே இறுகும் களிமண். விரலும் கருவியும் ஈரமாக, பொம்மை காய்ந்ததாக இருக்க வேண்டும். பலர் எல்லாவற்றையும் நனைத்துவிடுகிறார்கள். நீலத்தையும் மஞ்சளையும் சம அளவு எடுத்து, கோடுகள் மறைந்து ஒரே பச்சையாகும்வரை பிசையுங்கள். பட்டையாக வருவதென்றால் இரண்டு நிறமும் தொடும் நடுப்பகுதியை முதலில் வெட்டி எறியுங்கள், அங்கே ஏற்கெனவே இறுகிய கட்டிகள் இருக்கும். மஞ்சள் கொஞ்சம் கூடினால் மென்மையாகவும் காய்ந்தபின் வளையக்கூடியதாகவும் இருக்கும், நீலம் கூடினால் கடினமாகும்.

பிசைந்ததும் ஒட்டும் தன்மை அதிகம், அப்போதே இடத்தில் அழுத்திவிடுங்கள். கூர்மையான மடிப்பு வேண்டுமானால் அரை மணி நேரம் விட்டுவிட்டு வந்து செதுக்குங்கள், அப்போதுதான் போட்ட கோடு போட்டபடி நிற்கும். முழுக்க இறுக ஒரு நாள் ஆகும். ஒரே நாளில் அங்கியும் முடியும் வாரும் செய்யப் போனால் ஒன்றைச் செய்யும்போது மற்றதில் விரல்தடம் விழும். ஒரு நாளுக்கு ஒரு அடுக்கு. கிரீன் ஸ்டஃப்பைத் தேய்த்து மழமழப்பாக்க முடியாது, ரப்பர் போல இழுக்கும். தகடு, கத்தி விளிம்பு போன்றவற்றுக்கு மில்லிபுட் என்ற இன்னொரு பிசையும் களிமண் நல்லது, காய்ந்தபின் உப்புத்தாள் போடலாம். துணிக்கு இரண்டையும் பாதிப்பாதி கலப்பது என் வழக்கம்.

உலோகப் பொம்மையின் கை எத்தனை தடவை ஒட்டினாலும் விழுகிறது.

கம்பி வையுங்கள். 1 மி.மீ. துளை போடும் கைத்துளைப்பான், அதே தடிமனில் பித்தளைக் கம்பி அல்லது நிமிர்த்திய காகிதக் கவ்வி. முதலில் தோளில் துளை போட்டு, அதன் வாயில் ஒரு துளி ஈர வண்ணம் வைத்துக் கையை அழுத்தி எடுங்கள். எங்கே புள்ளி பட்டதோ அங்கே இரண்டாவது துளை. இரண்டும் நேருக்கு நேர் வந்துவிடும். ஒட்டும் முகங்களைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் சூப்பர் குளூ பிடிக்க இடம் கிடைக்கும். மேலே சொன்ன 1/72 வீரர்களுக்கும் இதே முறைதான்.

ஆயுதம் மாற்றக் காந்தம் வைத்தேன். கை தோளைத் தள்ளிவிடுகிறது!

துருவம் மாறிவிட்டது. நியோடைமியம் காந்தம் 2 அல்லது 3 மி.மீ. அகலத்தில், 1 மி.மீ. தடிமனில் கிடைக்கும். ஒரு குச்சியின் முனையில் ஒரு காந்தத்தை நிரந்தரமாக ஒட்டி அதையே அளவுகோலாக வையுங்கள். உடலில் போகும் எல்லாம் குச்சியில் ஒட்டும் பக்கம் வெளியே தெரியும்படி, கையில் போகும் எல்லாம் விலக்கும் பக்கம் வெளியே தெரியும்படி. படை முழுவதும் இதே ஒழுங்கில் இருந்தால் எந்தக் கையும் எந்த உடலிலும் பொருந்தும். பசை காயும்வரை இன்னொரு காந்தத்தை அருகில் கொண்டுவராதீர்கள், குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவற்றைப் பூட்டி வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்து.

ரெசின் வாள் வளைந்து வந்திருக்கிறது. நிமிர்த்தினால் ஒடிந்துவிடுமா?

குளிர்ந்த நிலையில் வளைத்தால் ஒடியும். சூடான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். பி.வி.சி. பொம்மைக்கும் இது சரிவரும்.

ரெசினைத் தேய்க்கும்போது ஈரமாகவே தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டில் அச்சிட்ட முப்பரிமாண ரெசின் உருவம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கழுவி, புறஊதா ஒளியில் முழுக்க இறுகும்வரை வெறுங்கையால் தொடக் கூடாது.

வேறொருவர் தடிமனாகப் பூசிய பழைய படை கிடைத்தது. எப்படிக் கரைப்பது?

முதலில் பொருள் என்னவென்று பாருங்கள். உலோகம் எதையும் தாங்கும், அசிட்டோன்கூடப் போடலாம். பிளாஸ்டிக்கை அசிட்டோன் உருக்கிவிடும், ரெசினையும் கெடுக்கும். பிளாஸ்டிக்குக்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, பல் தூரிகையால் தேய்ப்பது போதும். ரெசினானால் தெரியாத இடத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். கையுறை, திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு இல்லாமை, மூன்றும் கட்டாயம். சூப்பர் குளூ ஒட்டுகளும் தளரலாம், மாற்றியமைக்கிறவருக்கு அது வசதிதான்.

பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். இன்று பெரும்பாலும் வெள்ளீயக் கலவை, முன்பு அப்படி இல்லை. அரத்தை ஈரமாகப் போடுங்கள், தூசைத் துடைத்து எறியுங்கள், கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். பொம்மைமேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈயம் அரிக்கிறது என்று பொருள். ஓக் போன்ற மர அலமாரியிலிருந்து வரும் அமில ஆவி அதைத் தூண்டும், அங்கிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

பேஸை அப்படியே கறுப்பாக விட்டால் என்ன?

விடாதீர்கள். சுமாராகப் பூசிய வீரன் நல்ல பேஸில் நின்றால் நன்றாகத் தெரிவான், நன்றாகப் பூசியவன் வெறும் கறுப்புத் தட்டில் நின்றால் முடிக்காத மாதிரி இருப்பான். வெள்ளைப் பசை, மேலே மணல், காய்ந்ததும் கரும்பழுப்பு, வெளிர் மணல் நிறத்தில் டிரை பிரஷ், ஓரிரு புல்திட்டு. பத்துப் பேருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். விளிம்பைச் சுத்தமாக ஒரே நிறத்தில் பூசி முடியுங்கள். படை முழுவதும் ஒரே மண்ணாக இருக்கட்டும், பல வருடம் விட்டுவிட்டுப் பூசிய அணிகளையும் அது ஒன்றாகக் காட்டும்.

மேட் வார்னிஷ் அடித்ததும் எல்லாம் வெளுத்துவிட்டது. போச்சா?

போகவில்லை. காரணம் ஸ்ப்ரே கேள்வியில் சொன்னதுதான், ஈரக்காற்றும் அதிகமாக அடித்ததும். முழுக்கக் காயவிட்டு, தூரிகையால் மெல்லிய கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் பூசுங்கள். பெரும்பாலும் அந்த வெண்மை மறைந்துவிடும். அதன்மேல் வறண்ட ஒரு நாளில் மேட். அதிகம் கைபடும் உலோகப் பொம்மைகளுக்கு நான் எப்போதுமே கிளாஸ் அடித்துத்தான் மேட் அடிக்கிறேன், கிளாஸ் தாங்கும், மேட் பளபளப்பை அடக்கும். உலோக வண்ணம் பூசிய பகுதிகளில் மேட் பட்டால் மினுக்கம் செத்துவிடும், வாள் விளிம்பை மட்டும் கடைசியில் மறுபடி தொட்டு விடுங்கள்.

நான் மாற்றியமைத்த பொம்மையை எதிராளி ஒப்புக்கொள்ளாவிட்டால்?

அவர் பார்ப்பது மூன்று: பேஸின் அளவு, கையிலிருக்கும் ஆயுதம், உயரம். விதிப்படி 32 மி.மீ. பேஸில் நிற்க வேண்டியவர் 40-இல் நின்றால் தூரம் அளப்பது மாறும். விதியில் ஈட்டிக்காரர் என்றால் கையில் ஈட்டி தெரிய வேண்டும், உயரமும் மூல உருவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தலை யாருடையது, அங்கி எதிலிருந்து வந்தது என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. போட்டி என்றால் அமைப்பாளருக்கு முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள், அன்று காலையில் போய் வாதாட வேண்டாம்.

வண்ணத்துக்கும் சில விளையாட்டுகளில் மதிப்பெண் உண்டு. வார்ஹேமர் 40,000 விளையாட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 100 புள்ளிகளில் 10 புள்ளி, படை முழுவதும் பூசி முடிக்கப்பட்டிருந்தால் கிடைத்தது. அதில் கேட்கப்பட்டது நுணுக்க வேலை இல்லை: முக்கியப் பகுதிகளுக்கு நிறம் இருக்க வேண்டும், பேஸ் முடிந்திருக்க வேண்டும். கிரீன் ஸ்டஃப் பச்சையாகவே தெரியும் பொம்மை அப்படிப்பட்ட விதியில் தேறாது, ஆகவே போட்டிக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் வெட்டத் தொடங்காதீர்கள்.